புதிய கட்டிடத்துக்கு மர யன்னல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் கட்டிடக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நூற்றாண்டின் நினைவாக இரண்டு மாடி வகுப்பறைக் கட்டிடம் ஒன்றைப் பாடசாலைக்கு அளிப்பதெனச் சங்கம் தீர்மானித்து, அந்த வேலையை எங்களிடம் ஒப்படைத்தது. அத்திவாரத்திலும் தூணிலும் கூரையிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. யன்னலில்தான் எழுந்தது. அலுமினியச் சட்டத்தில் பக்கவாட்டில் நகரும் கண்ணாடி யன்னல் போடலாம் என்பது ஒரு யோசனை. விலை குறைவு, வேலையும் விரைவில் முடியும். நம் பழைய கட்டிடத்தில் இருப்பதுபோல, மேலும் கீழும் நகரும் மர யன்னல் போடலாம் என்பது மற்றைய யோசனை. இரண்டையும் ஆராய்ந்த பின் மர யன்னலையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அந்த யன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நிலைக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். இரண்டும் தனித்தனிக் காடிகளில் ஏறி இறங்கும். நிலையின் இரு பக்கமும் உள்ளே குழிவான பெட்டி. சட்டத்தில் கட்டிய கயிறு கப்பியின் மேலாகச் சென்று, பெட்டிக்குள் தொங்கும் இரும்புக் குண்டைத் தாங்கும். சட்டத்தின் எடையும் குண்டுகளின் எடையும் ஏறத்தாழச் சமம் என்பதால், எந்த உயரத்தில் விட்டாலும் யன்னல் அங்கேயே நிற்கும். சட்டம் 12 கிலோ என்றால் பக்கத்துக்கு 6 கிலோ. மேற்சட்டத்தின் குண்டு சற்றுக் கூடுதலாகவும் கீழ்ச்சட்டத்தின் குண்டு சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலது மேலே ஒட்டியும் கீழது கீழே அமர்ந்தும் மூடிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு கையால் உயர்த்தக்கூடிய யன்னல் இது. மின்சாரமும் வேண்டியதில்லை.

இந்த வகை யன்னல் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. 1666இல் லண்டன் நகரம் தீக்கிரையானதை மறவாத சட்டம், மரநிலை சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்று 1709இல் விதித்தது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டியையும் செங்கலுக்குப் பின்னே மறைக்கச் சொன்னது. அதே நாட்டில் 1696 முதல் 1851 வரை யன்னலுக்கு வரி இருந்தது. வரிக்குப் பயந்து பலர் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் வசதி உள்ளவர்களுக்கு முதலில் கிடைத்தன. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்தளைக்கு வரும்போது இது மீண்டும் தேவைப்படும்.

கோப்பியோடும் தேயிலையோடும் வெள்ளையர்கள் மலைநாட்டில் கட்டிய கட்டிடங்கள் எல்லாவற்றிலும் இந்த யன்னல் இல்லை. பிணைச்சலில் திறக்கும் யன்னலே அதிகம். ஆயினும் துரை பங்களாக்கள் சிலவற்றிலும் நுவரெலியாவின் பழைய கட்டிடங்களிலும் இதை இன்றும் காணலாம். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். கொழுந்தை வாட்டும் மேல்மாடிகளில் சுவர் முழுதும் யன்னல்களே வரிசையாக இருக்கும். காற்று ஊடுருவிச் சென்றால்தான் கொழுந்து பதமாக வாடும்.

அந்தக் கொழுந்தைக் கொய்தவர்கள் எங்கே படுத்தார்கள்? மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் நம்மில் பலருடைய முன்னோர். அவர்களுக்குக் கிடைத்தது 10 அடிக்கு 12 அடி லயன் அறை. முன்னே ஒரு கதவு, யன்னல் என்ற பெயரில் ஒரு சிறு பலகை, பல அறைகளில் அதுவும் இல்லை. அடுப்புப் புகை வெளியேற வழியில்லை. கொழுந்துக்குக் கிடைத்த காற்று, கொழுந்து கொய்தவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த லயன்களிலிருந்து நம் பாடசாலைக்கு வந்த பிள்ளைகள்தாம் உயர்ந்த யன்னல்களுக்குக் கீழே முதன்முறையாக அமர்ந்து படித்தார்கள். எனவே யன்னலைப் பற்றிப் பேசுவது அழகைப் பற்றி மட்டும் பேசுவதாகாது. நல்ல காற்று யாருக்கு என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

இனி இன்றைய தேவைக்கு வருவோம். அலுமினிய யன்னலிலும் இந்த யன்னலிலும் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. எந்தப் பாதியைத் திறப்பது என்பதில்தான் வேறுபாடு. பக்கவாட்டில் நகர்வதைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை திறந்துகொள்ளும். மழை வந்தால் முழுதும் மூட வேண்டும். மாத்தளையில் ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையை அந்த மாதங்களில் மூடிவைத்தால் மூச்சு முட்டும். மேற்சட்டத்தை மட்டும் ஒரு சாண் இறக்கிவிட்டால், தாழ்வாரத்தின் நிழலில் இருக்கும் அந்த இடைவெளியால் சூடான காற்று வெளியேறும். சாரல் உள்ளே வராது, மேசையிலுள்ள கொப்பியும் பறக்காது. வெயில் நாளில் மேலும் கீழும் சமமாகத் திறந்தால் கீழால் குளிர்ந்த காற்று புகும், மேலால் சூடான காற்று போகும். அண்மைய கொவிட் காலத்தில் காற்றோட்டத்தின் அருமையை எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

விறாந்தைப் பக்கத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. பிணைச்சல் யன்னல் வெளியே விரியும், ஓடிவரும் பிள்ளையின் தலையில் இடிக்கும். உள்ளே விரிந்தால் மேசையில் தட்டும். ஏறி இறங்கும் யன்னல் சுவரை விட்டு எங்கும் நீட்டாது. வெளியே கிறில் கம்பியும் நுளம்பு வலையும் போட்டாலும் அதன் நகர்வுக்குத் தடையில்லை. டெங்கு பரவும் நம் ஊரில் இது சிறிய நன்மையல்ல.

மரமா, அலுமினியமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அலுமினியம் கறையான் அரிக்காது, வர்ணம் பூசத் தேவையில்லை. இவை உண்மையான நன்மைகள். ஆனால் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். சில்லு தேய்ந்து, அதே அளவுச் சில்லு கடையில் கிடைக்காமற் போனால் யன்னலையே மாற்ற வேண்டிவரும். மர யன்னலின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே திருத்தக்கூடியது. கயிறு அறுந்தால் கயிறு, கண்ணாடி உடைந்தால் கண்ணாடியும் புட்டியும். மழைநீர் தங்கி அடிச்சட்டம் உக்கினால், உக்கிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு பொருத்தலாம். ஊர்த் தச்சர் ஒருவரின் கைக்குள் அடங்கும் வேலை அது.

மர யன்னலின் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் மரம் ஊதும், ஆகவே நன்கு பதப்பட்ட மரமும் காடியில் சிறிது இடைவெளியும் வேண்டும். படிக்கட்டை வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். தாழ்வாரம் அகலமாக இறங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வர்ணம் பூச வேண்டும், கயிற்றில் வர்ணம் படக்கூடாது. மரத்தின் விலையும் அதிகம். மாத்தளைத் தோட்டங்களில் பலாவும் மகோகனியும் தேக்கும் உண்டு. ஆனால் பலா மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது, காக்கவும் வேண்டும். ஆகையால் அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ, உரிய அனுமதிப் பத்திரம் காட்டும் மரக்காலையிலோதான் மரம் வாங்குவோம் என்று உறுதி கூறுகிறோம்.

"புதிய கட்டிடத்தில் பழைய யன்னலா?" என்று சிலர் கேட்டார்கள். மலைநாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கண்டியில் பிறந்த மினெற் டி சில்வா 1948இல் பிரித்தானியக் கட்டிடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அவர் கண்டியில் கட்டிய கருணாரத்ன வீட்டில் கொங்கிறீற்றும் கண்ணாடியும் இருந்தன. தும்பறைப் பாய் நெசவும் அதே வீட்டுக் கதவுகளில் இடம்பெற்றது. 1950களில் வட்டப்புளுவ வீட்டுத் திட்டத்தை வகுத்தபோது, அங்கே குடியேறவிருந்த குடும்பங்களிடமே அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்து வரைந்தார். இங்கே வகுப்பறையில் இருக்கப்போகும் பிள்ளைகளையும் ஆசிரியைகளையும் நாங்கள் கேட்டதற்கு அவரே வழிகாட்டி.

நம் மாவட்டத்திலேயே, தம்புள்ளைக்கு அருகில் 1994இல் திறக்கப்பட்ட கந்தளம ஹோட்டல் இருக்கிறது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த அந்தப் பெருங்கட்டிடம் கொங்கிறீற்றுச் சட்டகத்தால் ஆனது. அதன் வெளிமுகத்தை மரத்தட்டிகளும் அவற்றில் படர்ந்த கொடிகளும் மறைக்கின்றன. அங்கே இருப்பது நாம் பேசும் யன்னல் வகையல்ல. மரம் புதிய கட்டிடத்துக்கு ஒவ்வாது என்ற எண்ணத்துக்கு அது பதில்.

மூன்றாவது முன்மாதிரி அளுவிகாரையைச் சேர்ந்தது. பற்றிக் கலையில் புகழ்பெற்ற ஈனா டி சில்வா தம் இறுதிக் காலத்தை அங்கேயே கழித்தார். ஊர்ப் பெண்களுக்குப் பற்றிக், தையல் வேலைகள் தந்த மரபுரிமை நிலையத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1960களின் தொடக்கத்தில் பாவா அவருக்காகக் கொழும்பில் கட்டிய வீடு 2009இல் கைமாறியது. அதை இடித்து எறியாமல் பகுதி பகுதியாகக் கழற்றி, எண்ணிட்டு, லுணுகங்கவுக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினார்கள். முழு வீட்டையே அப்படி இடம் மாற்ற முடியுமென்றால், நம் பழைய கட்டிடத்தின் யன்னல்களைக் கழற்றித் திருத்துவது முடியாத காரியமா?

ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறோம்.

முதலாவது, பழைய கட்டிடத்தில் ஆணி அடித்து மூடப்பட்டிருக்கும் யன்னல்களை விறகுக்குக் கொடுக்காமல், எண்ணிட்டுக் கழற்றித் திருத்துவோம். நிலை உக்கிப்போனவற்றின் நல்ல சட்டங்களும் குண்டுகளும் கப்பிகளும் புதிய கட்டிடத்துக்கு உதவும்.

இரண்டாவது, புதிய கட்டிடத்தின் வகுப்பறைகளுக்கு ஏறி இறங்கும் மர யன்னல். முழுக் காற்றும் வேண்டிய மண்டபத்துக்கு மட்டும் பிணைச்சல் யன்னலும் மேலே மரச் செதில்களும். எல்லா இடத்துக்கும் ஒரே யன்னல் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை.

மூன்றாவது, திருத்த வேலையைத் தச்சர் செய்யும்போது உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவிகள் உடனிருந்து கற்கட்டும். சட்டத்தை நிறுத்துக் குண்டின் எடையைக் கணக்கிடுவது அவர்களுக்கு நல்ல செய்முறைப் பாடம். நாளை கயிறு அறுந்தால் வெளியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கல்வி பாடசாலை மதிலோடு நிற்காது. தோட்டங்களில் இந்திய உதவியுடன் 4,000 தனி வீடுகள் திட்டமிடப்பட்டன, பின்னர் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. லயனை விட்டுப் புதிய வீட்டுக்குப் போகும் குடும்பங்களில் நம் மாணவிகளும் இருப்பார்கள். சுவர் எழும்போது, யன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், மழையிலும் திறக்கலாமா என்று கேட்கத் தெரிந்த ஒரு பெண் அந்த வீட்டில் இருந்தால் அதுவே நம் நூற்றாண்டின் பயன்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நூறாண்டு பழைய வரிசை வீடுகளில் நீங்கள் வசிக்கிறீர்கள். பலருடைய வீட்டில் இந்த யன்னலே இருக்கும், அல்லது அதைக் கழற்றிப் பிளாஸ்டிக் யன்னல் போட்டிருப்பார்கள். பாதுகாக்கப்பட்ட தெருக்கள் சிலவற்றில் மர யன்னலை மாற்ற உள்ளூராட்சிச் சபையின் அனுமதி தேவைப்படுவதையும் அறிவீர்கள். அதற்கான பருத்திக் கயிறும் பித்தளைக் கப்பியும் அங்கே கடைகளில் இன்றும் விற்பனைக்கு உண்டு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொக்லேற்றுக்கு நடுவே ஒரு சுருள் கயிறும் நான்கு கப்பியும் கொண்டுவாருங்கள். ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருப்பவர்கள், ஒரு யன்னலின் செலவை ஒரு வகுப்புத் தோழியர் குழுவாக ஏற்றுக்கொள்ளுங்கள். நிலையின் உட்புறத்தில் உங்கள் ஆண்டைப் பொறித்து வைப்போம்.

 தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.