உவா மலையில் ஒரு துப்பறியும் நங்கை

துப்பறியும் நவீனம் என்றதும் தமிழ்வாணனின் சங்கர்லாலை நினைப்பவர் பலர். அம்பையோ ஒரு பெண்ணிடம் அத்தொழிலை ஒப்படைத்தார். 2014-இல் வெளிவந்த அவரது ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ நாவலன்று, மூன்று நெடுங்கதைகள். மும்பையில் இல்லறம் நடத்திக்கொண்டே துப்பறிகிறாள் சுதா குப்தா.

அத்தகைய ஒருத்தி பதுளை ரயிலடியில் வந்து இறங்கினால்? 1924-இல் இருப்புப்பாதை வந்து முடிந்த ஊர் அது. அங்கிருந்து பசறை, நமுனுகலைத் தோட்டங்களுக்கு ஏறுபவளுக்குப் பிணமும் கைத்துப்பாக்கியும் வேண்டியதில்லை. காலைப் பெரட்டில் பேர் கொடுத்தவளுக்கு மாலையில் அரைப்பேர் விழுந்தது எவ்வாறு? தராசில் நின்ற கொழுந்தின் நிறை ஏட்டில் ஏறுமுன் குறைந்தது எங்கே? 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்ட அத்தாட்சிகள் எந்தத் தகரப்பெட்டியில் மறைந்தன? 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய தமக்கை இப்பொழுது எவ்வூரில் இருக்கிறாள்? மர்மத்துக்குப் பஞ்சமே இல்லை!

இவற்றை ஆடவன் துப்பறிவது கடினம். கங்காணியிடமும் பொலிஸாரிடமும் வாய் திறவாத பெண்கள், பீலிக்கரையில் குடம் நிறையும் வரை தம்முள் பேசுவார்கள். கொழுந்தெடுப்போரில் பெரும்பாலார் அவர்களே. நவீனத்தின் முதல் அத்தியாயத்தை அந்தப் பீலிக்கரையிலேயே தொடங்கலாம். முதற்சாட்சி அங்கே குடத்துடன் நிற்கிறாள்.