எங்கள் வீட்டு 29 கோலங்கள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வங்கி அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். அதை நம்மில் பத்துப் பேர் பேசலாம். நான் கோலம் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அப்போ வீட்டம்மாவை அனுப்புங்க சார்" என்று சிரித்தார்.

என் தாயாருக்குக் கண்ணில் அழுத்தம் கூடும் நோய். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். ஓரப் பார்வை போய்விட்டது; நடுவில் மட்டும் தெரிகிறது. அதாவது, புள்ளி தெரியும், கோலம் தெரியாது. அறுபது வருஷம் வாசலில் கோலம் போட்டவர், 2024-இல் ஒருநாள் மாவுக் கிண்ணத்தை என் மனைவி கையில் கொடுத்து, "இனி நீயே போட்டுக்க தாயி" என்றுவிட்டார். அவர் போட்ட கோலம் ஒன்றுகூட நோட்டில் கிடையாது. எல்லாம் விரலில்தான் இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 16-இல் மார்கழி பிறந்தது. போகி வரை 29 நாள். தினம் ஒரு கோலம் அம்மா சொல்ல வேண்டும், நாங்கள் போட வேண்டும். போட்டது திரும்ப வரக்கூடாது. அன்றைக்கே நோட்டில் வரைந்துவிட வேண்டும். திட்டத்தைச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "29 நாளும் நான் இருட்டுல எந்திரிச்சுப் போட, நீங்க மூணு பேரும் நோட்டுல வரைஞ்சு பேர் வாங்கிக்கிறதா? ஆளுக்கு ஒரு நாள்." நியாயம்தானே! நான், மனைவி, மகள், மகன் ஆளுக்கு ஏழு நாள். மிச்சம் ஒரு நாளில் அம்மா பெயரை எழுதிக் காலண்டரில் மாட்டினோம். "எனக்கு எதுக்குடா?" என்றார்.

நான் குனிந்து உட்கார்ந்த முதல் நாள் பால்காரர், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்தார். மகனுக்கு என்ஜினீயரிங் முதல் வருஷம். இரவு ஒரு மணிக்குத்தான் படுப்பான். முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அம்மா கண்ணை மூடி, மடியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே, "புள்ளியச் சுத்தி வா, ரெண்டுக்கும் ஊடால போ" என்று சொல்வார். வாய் தடுமாறினால் பேத்தியின் கையைப் பிடித்து நகர்த்துவார். அப்போது கை தடுமாறாது.

ஒருநாள் மகன் கேட்டான்: "3 புள்ளி 3 வரிசையில மூணு கோடு வருது. 3 புள்ளி 4 வரிசையில மட்டும் எப்படி அப்பத்தா ஒரே கோடா முடியுது?" அவர், "அது அப்படித்தான்டா" என்றார். அவன் விடவில்லை. பேப்பரில் போட்டுப் போட்டுப் பார்த்தான். பக்கத்துப் புள்ளிகளின் நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போனால், இரண்டு எண்களின் மீ.பொ.வ. எவ்வளவோ அத்தனை கோடுகள்! 4-க்கு 6 என்றால் இரண்டு. இது தெரிந்த கணக்குதான். ஆனால் அவனாகக் கண்டுபிடித்தது. அதன் பிறகு அலாரம் இல்லாமலே எழுந்தான்.

இங்கே கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளியியல் பேராசிரியர் புள்ளிக் கோலத்தில் இறங்கியது பொருத்தந்தான்!

ஜனவரி 1 அன்று 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. மொத்தம் 169 புள்ளி. நாலு பேரும் சேர்ந்துதான் முடித்தோம். இடையில் என் மனைவிக்கும் மகளுக்கும் சண்டை வேறு, வரிசை நேராக இல்லை என்று.

2025 ஜனவரி 13, போகி. அம்மா முறை. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. ஐந்தரைக்கு அவரே சுவரைப் பிடித்தபடி வந்து, "கிண்ணத்தைக் குடு" என்றார். முக்காலியில் உட்கார்ந்து 3 புள்ளி, 4 வரிசை. அவர் கண்ணுக்குள் அடங்கும் அளவுதான். மாவை விட்ட இடத்திலேயே கோடு வந்து சேர்ந்தது. "சேந்துருச்சா?" என்று கேட்டார். "சேந்துருச்சு அப்பத்தா" என்றான் மகன்.

அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு கல்லூரி வாசலில் ஒரு சிக்குக் கோலம் போடப்போகிறேன். மாணவர்கள் வரலாம். மாவு என்னிடம் இருக்கிறது.