புதைக்கும் இடம் எது? முதலிற் சொல்லுங்கள்!

(மன்னார்த் தீவின் கீரியில் ஆற்றப்பட்ட உரை)



அணுக்கழிவைப் பற்றிக் கீரியில் என்ன பேச்சு என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே: இத்தீவிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் அக்கரையில், கூடங்குளம் இருக்கிறது. தலா 1,000 மெகாவாற் வலுவுடைய இரண்டு அணு உலைகள் அங்கே இயங்குகின்றன. முதலாவது 2014ஆம் ஆண்டின் முடிவிலும், இரண்டாவது 2017ஆம் ஆண்டிலும் முறையான மின் உற்பத்தியைத் தொடங்கின. அந்த மின்சாரம் அக்கரைக்கு உரியது. கடலோ இரு கரைக்கும் பொதுவானது!

விறகு எரிந்தால் சாம்பலாகும். சாம்பலை வயலுக்கு எருவாக இடலாம். உலையில் எரிந்த யுரேனியம் அத்தகையதன்று. உலையினின்று எடுத்த பின்னரும் அது கொதித்துக்கொண்டேயிருக்கும். ஆண்டுக்கணக்கில் நீர்த்தொட்டியில் ஆழ்த்திக் குளிர்விக்க வேண்டும். அதிலுள்ள சீசியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் செல்லும். புளுட்டோனியம் பாதியாவதற்கோ 24,000 ஆண்டுகள் வேண்டும்!

24,000 ஆண்டுகள் என்றால் என்ன? நமது மாந்தைத் துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பல தேசத்துக் கப்பல்கள் வந்து நின்ற துறை அது. இன்று அது மண்மேடு. ஆயிரம் ஆண்டுகளில் ஒரு பெருந்துறையையே மறந்துவிடும் மனிதகுலம், புதைத்த நஞ்சின் இடத்தை இருபத்துநான்காயிரம் ஆண்டுகள் நினைவில் வைத்திருக்குமா? ஆகவேதான், மனிதனின் காவலை நம்பாது பாறையின் காவலை நம்புவோம், ஆழத்திற் புதைப்போம் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். அவ்வழியை நாம் பழிக்கவில்லை. அதைச் செய்யும் முறையைப் பற்றியே பேசுகின்றோம்.

நிலத்தடிப் புதைகுழிக்குப் பெரும் பகை நீர். கிணறு வெட்டிய கமக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாறையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் நீர் வழி கண்டுபிடித்துவிடும். நீர் உலோகத்தை அரிக்கும். அரித்த பின் நஞ்சைச் சுமந்துகொண்டு ஊற்றுக்கு வரும்.

ஜெர்மனியில் ஆசே என்னும் பழைய உப்புச் சுரங்கத்தில், 1967 முதல் 1978 வரை, ஏறத்தாழ 126,000 பீப்பாய்க் கழிவை இறக்கினார்கள். அது வீரியங் குறைந்த கழிவுதான். ஆயினும் இன்று நாள்தோறும் பன்னீராயிரம் லீற்றர் அளவில் அங்கே நீர் ஊறுகிறது. புதைத்தவற்றை மீட்டெடுக்க வேண்டும் என்று 2013இல் சட்டமே இயற்றினார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலே, 650 மீற்றர் ஆழத்து உப்புப் படுகையில், 2014 பெப்ரவரியில் ஒரு பீப்பாய் வெடித்தது. பீப்பாயிற் சேர்க்கத் தகாத பொருளைச் சேர்த்ததே காரணம். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவ்விடம் மூடிக்கிடந்தது.

பின்லாந்தோ பொறுமையின் வழியிற் சென்றது. 190 கோடி ஆண்டு வயதுடைய பாறையைத் தேர்ந்து, 400 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் புதிய சுரங்கம் குடைந்தது. எரிபொருளை அடைக்கச் செம்புக் கலம். கலத்தைச் சுற்றி, நீர் பட்டால் வீங்கி அடைத்துக்கொள்ளும் களிமண். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எவுரயோக்கி என்ற அவ்வூரின் சபையிடம் 2000ஆம் ஆண்டில் சம்மதம் பெற்றது. மறுக்கும் உரிமை அவ்வூர்ச் சபைக்குச் சட்டப்படி இருந்தது!

இந்தியாவில் நடந்தது என்ன? கூடங்குளத்துக் கழிவுக்குக் கோலார் தங்கச் சுரங்கம் என்ற பேச்சு 2012 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் குருதி சிந்தி வெட்டிய சுரங்கம் அது, 2001இல் மூடப்பட்டது, மூடியபின் நீர் நிறைந்தது. கர்நாடகம் கொதித்தெழுந்தது. அப்படி ஓர் எண்ணமே இல்லை என்று அரசு பின்வாங்கியது. தோழர்களே, பொன்னைத் தேடி வெட்டிய குழி வேறு. நஞ்சைக் காக்க வெட்டும் குழி வேறு. குழி இருக்கிறது என்பதற்காக அது புதைகுழி ஆகிவிடாது!

2013 மே மாதத்தில் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், ஆழ்நிலப் புதைகுழிக்கான நடவடிக்கையை விரைந்து எடுக்குமாறு பணித்தது. உலைக்கு வெளியே இடைக்காலக் களஞ்சியம் அமைக்க விதித்த ஐந்தாண்டுத் தவணையை 2018இல் மேலும் நீட்டியது. புதைகுழியோ இன்றும் அமையவில்லை. உலைகள் இரண்டோடு நிற்கவுமில்லை. மேலும் நான்கு எழும்புகின்றன.

மீளச் சுத்திகரித்துப் பயன்படுத்துவோம், எஞ்சியதைக் கண்ணாடியோடு உருக்கி அடைப்போம் என்பது அவர்கள் வாதம். நல்லது. அந்தக் கண்ணாடியை எங்கே வைப்பது? கேள்வி உருமாறுகிறதேயன்றித் தீரவில்லை.

நாம் பீதியைக் கிளப்ப வரவில்லை. தொலைவிலுள்ள பாறையில் ஒழுங்காகப் புதைக்கப்பட்ட கழிவு கீரியின் வலையில் வந்து விழும் என்று கூறமாட்டோம். புதைக்க இடமின்றி, கடலோரத்திலே ஆண்டுதோறும் குவிவதுதான் நம் கவலை. கரையிலிருப்பது தவறினால், கரைவலை இழுப்பவனுக்கு எல்லைக்கோடு அரணாகாது.

எனவே நாம் கேட்பவை மூன்று. 2015 பெப்ரவரியில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட அணுசக்தி ஒப்பந்தத்திற் கதிரியக்கக் கழிவும் விபத்துத் தணிப்பும் இடம்பெற்றுள்ளன. அதன்படி, கூடங்குளக் கழிவின் அளவும் இருப்பும் நமக்குத் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். மன்னார்க் கடல்நீரும் மீனும் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டு, முடிவுகள் வெளியிடப்பட வேண்டும். கொழும்பு என்றேனும் அணு உலை அமைக்க முற்படுமாயின், அடிக்கல் நாட்டுமுன் கழிவைப் புதைக்கும் இடத்தையும், அவ்வூர் மக்களின் சம்மதத்தையும் காட்ட வேண்டும்.

இவை பிச்சையல்ல, உரிமை. கீரியிலும் கூடங்குளத்திலும் கடலை நம்பி வாழ்வோர் கேட்கும் உரிமை. வீடு கட்டுபவன் கழிவறைக்கு இடம் பார்த்த பின்பே அத்திவாரம் வெட்டுகிறான். நாடு கட்டுபவர்களுக்கு அந்த அறிவு வேண்டாமா?