மலையில் டீக்குத் தண்ணீர்

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. ஏறக்குறைய 3,500 அடி உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால், பொள்ளாச்சியில் 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

டீத்தூளின் நிறமும் திடமும் முழுசாக இறங்க நல்ல சூடு வேண்டும். அடியில் குமிழி கண்டதுமே இறக்கிவிடக் கூடாது. தளதளவென்று கொதித்த கையோடு தூளில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாத்திரம் அந்தச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். முதலில் அதை வெந்நீரில் அலசிவிடுங்கள்.

டீக்கடைகளில் பாய்லர் ஓயாமல் காய்வது இதற்காகத்தான். துணி வடிகட்டியில் கிடக்கும் டஸ்ட் தூள்மேல் கொதிநீர் விழ, டிகாக்‌ஷன் செக்கச்செவேலென்று இறங்கும்.

கிரீன் டீ வேறு ரகம். 80 டிகிரியே போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசந்துவிடும். மூடியைத் திறந்து சற்று ஆறவிட்டு ஊற்றுங்கள்.