பால்ரூம் போட்டியில் நடுவரைத் தெரிஞ்சுக்கிறதுன்னா என்ன?

அபிராமபுரத்துல இருந்து பேசுறேன். இன்னிக்கு டாபிக் பால்ரூம் டான்ஸ் போட்டி. ஆடுறவங்களைப் பத்தி இல்ல. தரையோட ஓரத்துல கையில அட்டையோட நிக்கிறாங்களே, அந்த நடுவர்களைப் பத்தி.

நம்ம ஊர்ல நடுவர்னு சொன்னா ரெண்டு முகம் ஞாபகம் வரும். ஒண்ணு பட்டிமன்ற நடுவர். சாலமன் பாப்பையா ஐயா ரெண்டு பக்க நியாயத்தையும் எடுத்து வெச்சு, சிரிக்க வெச்சு, காரணத்தோட தீர்ப்பு சொல்லுவார். இன்னொண்ணு டிவி நடுவர். கலைஞர் டிவியில 2007ல ஆரம்பிச்ச 'மானாட மயிலாட' பார்த்து வளர்ந்தவங்க நாம. கலா மாஸ்டர், குஷ்பு, நமீதா எல்லாரும் ஆட்டம் முடிஞ்ச உடனே மைக்ல கருத்து சொல்லிடுவாங்க.

பால்ரூம் நடுவர் இந்த ரெண்டு ரகமும் இல்ல. அவர் பேச மாட்டார். பக்கத்துல நிக்கிற நடுவர்கிட்டகூட ஆலோசனை கேட்கக் கூடாது. ஒரு எண்ணை எழுதிட்டுப் போயிடுவார். அதனாலதான் ரிசல்ட் வந்ததும் ஆடினவங்க மனசுல முதல்ல வர்ற சந்தேகம், "அவங்களுக்கு நடுவரைத் தெரியும்போல."

எங்க பிராக்டிஸ் குரூப்ல ஒரு ஜோடி அப்படி ஒரு போட்டிக்கு அப்புறம் ஆட்டத்தையே விட்டுடலாம்னு இருந்தாங்க. என்ட்ரி ஃபீஸ், டிரெஸ், ஷூ, ஒரு வருஷமா ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி எட்டரை மணிக்கு மேல பிராக்டிஸ். எல்லாம் ஒரு நம்பரால போச்சுன்னு அவங்களுக்குத் தோணுச்சு. "அந்த ஒருத்தருக்கு எங்க மூஞ்சியே பிடிக்கலடா"ன்னு அவன் சொன்னான். அந்த வாக்கியத்தை வெச்சுதான் இந்த எபிசோட்.

முதல்ல நடுவர் இடத்துல நின்னு பார்ப்போம். ஒரு டான்ஸுக்குப் பாட்டு சுமார் ஒன்றரை நிமிஷம் ஓடும். ஆரம்பச் சுற்றுல தரையில 12 ஜோடி இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. 90 வினாடியை 12ஆல வகுத்தா ஏழரை வினாடி. ஒரு ஜோடிக்கு அவர் தர முடிஞ்சது அவ்வளவுதான். இந்தச் சுற்றுல அவர் ரேங்க் போட மாட்டார். அடுத்த சுற்றுக்கு யார் யார் வரணுமோ அவங்க எண்ணுக்கு ஒரு குறி, அவ்வளவுதான்.

அந்த ஏழரை வினாடியில கண்ணு எங்க போகும்? முதல்ல தாளம். வால்ட்ஸ்ல ஒண்ணு-ரெண்டு-மூணு தப்பினா மத்தது எவ்வளவு அழகா இருந்தாலும் காப்பாத்தாது. அடுத்து நிற்கிற விதம்: தோள், முழங்கை, ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சிருக்கிற அந்தச் சட்டகம். அப்புறம் பாதம்: முன்னால வைக்கிற அடியில குதிகால் முதல்ல தரையைத் தொடுதா? நாம மூணு மாசம் உருகி உருகிக் கத்துக்கிட்ட அந்த ஸ்பெஷல் ஸ்டெப்பை அவர் பார்க்காமலே போகலாம். அந்த நேரம் அவர் வேற ஜோடியைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பார்.

அவர் எங்க நிக்கிறார்ங்கிறதும் முக்கியம். வால்ட்ஸ், டேங்கோ, ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப் எல்லாம் ஹாலைச் சுத்தி, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில நகர்ற ஆட்டங்கள். ஒரு சுத்து வந்தா எல்லா நடுவருக்கும் நீங்க ஒரு தடவையாவது பக்கத்துல தெரிவீங்க. ரும்பா, சா-சா, ஜைவ் அப்படி இல்ல, கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே ஆடுறது. அங்க ஒரு நடுவருக்கு உங்க முகம் தெரியும், இன்னொருத்தருக்கு முதுகு மட்டும்தான். அதே ஆட்டத்துக்கு ஒருத்தர் 2 போட்டு இன்னொருத்தர் 5 போட்டா, ரெண்டு பேரும் நேர்மையாவே போட்டிருக்கலாம்.

இப்போ என் ஃபேவரிட் பகுதி. ஃபைனல்ல வழக்கமா ஆறு ஜோடி. ஒவ்வொரு நடுவரும் 1ல இருந்து 6 வரை வரிசைப்படுத்தணும். ஒரே இடத்தை ரெண்டு ஜோடிக்குக் கொடுக்க முடியாது. இந்த மார்க்கையெல்லாம் சேர்த்து முடிவு எடுக்கிற முறைக்கு 'ஸ்கேட்டிங் சிஸ்டம்'னு பேரு. அது கூட்டி சராசரி எடுக்காது. பெரும்பான்மை பார்க்கும்.

அஞ்சு நடுவர் இருக்காங்க. முதல் ஜோடிக்கு வந்த மார்க் 1, 1, 1, 6, 6. ரெண்டாவது ஜோடிக்கு 2, 2, 2, 1, 1. கூட்டிப் பார்த்தா முதல் ஜோடிக்கு 15, ரெண்டாவது ஜோடிக்கு 8. சராசரின்னா ரெண்டாவது ஜோடிதான் ஜெயிக்கணும். ஸ்கேட்டிங் சிஸ்டத்துல ஜெயிக்கிறது முதல் ஜோடி. அஞ்சுல மூணு பேர் அவங்களுக்கு முதலிடம் கொடுத்துட்டாங்க, கதை முடிஞ்சது. யாருக்கும் முதலிடத்துல பெரும்பான்மை இல்லன்னா "ரெண்டாவது அல்லது அதுக்கு மேல"ன்னு எண்ணுவாங்க. அப்படியே கீழ இறங்கிப் போவாங்க. நடுவர் எண்ணிக்கையை ஒற்றைப்படையா வைக்கிறதும் இதுக்காகத்தான்.

சர்வர் டீம்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ரெஸ்பான்ஸ் டைமுக்கு நாம ஏன் சராசரியை நம்பாம மீடியனைப் பார்க்கிறோம்? ஒண்ணு ரெண்டு கிறுக்குப் பிடிச்ச எண் மொத்தக் கணக்கையும் இழுத்துட்டுப் போகக் கூடாதுன்னுதானே. இதுவும் அதே யோசனைதான். யாரோ ஒருத்தர் தப்பாப் பார்க்கலாம், ஒருத்தருக்கு உங்களைப் பிடிக்காமக்கூட இருக்கலாம். அந்த ஒருத்தர் தனியா உங்களைக் கவிழ்த்துடக் கூடாது, தனியா ஜெயிக்கவும் வெச்சிடக் கூடாது. மனுஷங்க எல்லாரும் நல்லவங்கன்னு நம்பிச் செஞ்ச ஏற்பாடு இல்ல இது.

ஆனா இதுக்கும் எல்லை உண்டு. அஞ்சுல மூணு பேர் முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டா எந்தக் கணக்கும் காப்பாத்தாது. பனிச்சறுக்கு நடனத்துல அது நடந்துச்சு. 2002ல சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்ஸ், ஜோடிப் பிரிவு. பிரான்ஸ் நடுவர் நெருக்கடிக்கு உட்பட்டு ஓட்டுப் போட்டார்னு சர்ச்சை வெடிச்சு, கடைசியில கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் மார்க் முறையையே மாத்தினாங்க. எந்த நடுவர் எந்த மார்க் போட்டார்னு வெளிய தெரியாதபடியும் மறைச்சாங்க. பேர் தெரியலன்னா நெருக்கடி கொடுக்க முடியாதுன்னு அவங்க எண்ணம். ஆனா பார்க்கிறவங்களுக்கு நம்பிக்கை இன்னும் குறைஞ்சுது. 2016ல அந்த மறைப்பை எடுத்துட்டாங்க.

முறையா நடக்கிற பால்ரூம் போட்டிகள்ல இந்த விஷயம் திறந்த புத்தகம். ஏ, பி, சின்னு ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு எழுத்து, பக்கத்துல அவர் பேரு, அவர் போட்ட மார்க் எல்லாம் ஒரே தாள்ல வரும். நடுவரைத் தெரிஞ்சுக்கிறதுக்கு நல்ல வழி அந்தத் தாளைப் படிக்கிறதுதான். லாக் ஃபைல் படிக்கிற மாதிரி.

என் நண்பன் ஜோடியோட தாளை ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து படிச்சோம். அந்த "மூஞ்சி பிடிக்காத" நடுவர் சா-சாவுக்கு 3 போட்டிருந்தார். வால்ட்ஸுக்கு 6, ரும்பாவுக்கு 6. மூஞ்சி பிடிக்கலன்னா சா-சாவுக்கு ஏன் 3? வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். வால்ட்ஸ்ல அவர் நின்ன மூலைக்கு வர்றப்பத்தான் ஒரு திருப்பம், அந்தத் திருப்பத்துல அவனோட இடது முழங்கை ஒவ்வொரு தடவையும் கீழ இறங்குது. மத்த நாலு பேருக்கும் அது தெரியுற கோணம் இல்ல. ரும்பாவுக்கு வந்த அந்த 6க்கு மட்டும் எங்களால காரணமே கண்டுபிடிக்க முடியல. அது இன்னிக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்கு. ஒரு மார்க்குக்கு விளக்கம் கிடைச்சுது, ஒண்ணுக்குக் கிடைக்கல. அதோட ஆடுறதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். இப்போதைக்கு ஆடுறாங்க.

சரி, நேர்ல பழகுறது தப்பா? நம்ம ஊர் பால்ரூம் உலகம் ரொம்பச் சின்னது. மார்கழி சீசன்ல டிடிகே ரோடு பக்கம் போனா பாடுறவர், சொல்லிக் கொடுக்கிறவர், போட்டிக்கு நடுவரா உட்கார்றவர் மூணும் ஒருத்தராவே இருப்பாங்க இல்லையா, அதே மாதிரி இங்கயும். போன மாசம் ஒர்க்‌ஷாப் எடுத்தவர் அடுத்த மாசம் நடுவர். உலகம் முழுக்க இப்படித்தான். நடுவர்கள் பெரும்பாலும் முன்னாள் போட்டியாளர்கள், இப்போ ஆசிரியர்கள். பிபிசியோட 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்'ல 2004ல இருந்து 2016 வரைக்கும் தலைமை நடுவரா இருந்த லென் குட்மேன்கூட ஒரு காலத்துல போட்டியில ஆடினவர், அப்புறம் டான்ஸ் ஸ்கூல் நடத்தினவர். ஆடத் தெரியாதவரை நடுவராப் போட முடியாது. ஆடத் தெரிஞ்சவருக்கு மாணவர்கள் இருப்பாங்க.

அதனால நான் வெச்சிருக்கிற கோடு இது. அவர்கிட்ட கத்துக்கலாம், எல்லாருக்கும் தெரியுற மாதிரி கத்துக்கலாம். அவர் பேர் நடுவர் பட்டியல்ல வந்துட்டா, போட்டி முடியுற வரைக்கும் கிளாஸும் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம். போட்டி அன்னிக்கு ஒரு வணக்கம் போதும். முடிஞ்சப்புறம் போய்ப் பேசலாம். அப்பவும் "ஏன் சார் 6 போட்டீங்க?"ன்னு கேட்டா அவர் தற்காப்புக்குப் போயிடுவார். "அடுத்த ஆறு மாசத்துக்கு எதைச் சரி பண்ணட்டும்?"னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் நின்னு சொல்லுவாங்க.

போட்டி நடத்துறவங்ககிட்டயும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. நடுவர் யார் யார்னு முன்கூட்டியே சொல்வீங்களா? எத்தனை பேர், ஒற்றைப்படையா? ஒவ்வொருத்தர் போட்ட மார்க்கையும் வெளியிடுவீங்களா? கடைசிக் கேள்விக்கு "இல்ல"ன்னு பதில் வந்தா, என்னைக் கேட்டா அந்த ஃபீஸை மிச்சம் பண்ணி நல்ல ஷூ வாங்கிக்கலாம். தோத்தா வலிக்கத்தான் செய்யும். ஆனா எதனால தோத்தோம்னு படிச்சுப் பார்க்க ஒரு தாள் கையில இருந்தா திங்கட்கிழமை மறுபடி பிராக்டிஸுக்குப் போக முடியும்.

அவ்வளவுதான் மக்களே. நீங்க ஆடின போட்டியில மார்க் ஷீட் கொடுத்தாங்களா, கொடுத்ததைப் படிச்சீங்களான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.