மூளைக்காய்ச்சலும் நம் பிள்ளைகளும்
(பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சென்ற மாதம் மஹல்லாப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: “ஹஜ்ரத், தெருப் பிள்ளைகள் எல்லாரும் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டனர். என் பேரன் ஒருவனுக்குப் போடாவிட்டால் நோய் யாரிடமிருந்து வந்துவிடப் போகிறது?” அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே இன்று பேசுகின்றோம்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனப் பெயர் இருப்பினும் இது தொலைதூர நோயன்று. இந்தியாவில் இது முதன்முதலில் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூரில்தான். நமது விழுப்புரம் மாவட்டமும் அண்டையிலுள்ள கடலூரும் இதனை நன்கறியும். 2005-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் இது பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். அதன் பின்னரே, 2006-இல், அரசு தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது.

பெரியவரின் வாதம் தட்டம்மைக்கு ஓரளவு பொருந்தும். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவது. இந்நோயின் கிருமியோ கொக்கு, நாரை ஆகியவற்றின் உடலிலும் பன்றியின் உடலிலும் பெருகுகிறது. அவற்றைக் கடித்த கொசு நம்மைக் கடிக்கும்போது நமக்கு வருகிறது. மனித இரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருப்பதால், நோயாளியைக் கடிக்கும் கொசு அதனை வேறொருவருக்குக் கொண்டு செல்வதில்லை. எனவே நோயாளியை நலம் விசாரிக்கச் செல்ல எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால், தெருவிலுள்ள ஐம்பது பிள்ளைகள் ஊசி போட்டிருப்பினும் ஐம்பத்தோராவது பிள்ளைக்கு அதனால் காவல் இல்லை. ‘நம் தெருவில் பன்றியே இல்லையே’ என்போர், வயலில் நிற்கும் கொக்குகளை மறந்துவிடுகின்றனர்.

வீட்டில் தேங்கிய நீரைக் கொட்டுவது டெங்குவுக்கு மிகவும் பயன்படும். இக்கொசுவோ நெல்வயல் நீரில் பெருகுவது. வயலை யார் கொட்டிவிட முடியும்? அது கடிப்பதும் பெரும்பாலும் மஃரிபுக்குப் பிந்திய இருள் வேளையில்தான். கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் ஓரளவே காக்கும்.

கிருமி புகுந்தோருள் மிகச் சிலருக்கே நோய் முற்றுகிறது என்பது உண்மை. ஆயினும் முற்றியவருள் பத்தில் மூவர் வரை மாண்டுபோகின்றனர். பிழைத்தோருள் பலர் பேச்சிழந்தோ, வலிப்புடனோ, கை கால் முடங்கியோ வாழ்கின்றனர். கிருமியைக் கொல்லும் மருந்து இன்றளவும் இல்லை. கடுங்காய்ச்சலுடன் வலிப்பு, வாந்தி, மயக்கம், நினைவு தடுமாற்றம் கண்டால், ஓதிப் பார்ப்பதற்காகக் குழந்தையை முதலில் நம்மிடம் தூக்கி வர வேண்டா. மருத்துவமனைக்கு விரையுங்கள், துஆவை நாம் அங்கு வந்து செய்கின்றோம்.

ஊசி இரு தவணை: ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்திற்குள் மற்றொன்று. அரசு சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லை. முதல் தவணையோடு நின்றுவிட்டோர் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு கிராம சுகாதாரச் செவிலியரைக் காணுங்கள். அந்தப் பெரியவரும் பேரனுடன் சென்று வந்துவிட்டார்.