‘குடிச்சான், கெட்டான்’ என்பது மருத்துவமா?



நம்ம தெருவுல ஒருத்தருக்கு ஈரல் கெட்டா, ‘குடிச்சான், கெட்டான்’ என்கிறார்கள். சர்க்கரை வந்தா, ‘வாயைக் கட்டல’ என்கிறார்கள். குடி ஈரலைக் கெடுக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ரத்தத்தைச் சோதிக்காமல் பழிபோடுவது மருத்துவம் அல்ல, சாதிப் புத்தி.

ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் ரத்தத்தின் வழியே பரவும். காமாலைகூடத் தெரியாமல் பல ஆண்டுகள் ஈரலில் தங்கும். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காதபடி செய்கிறது சி வைரஸ். சர்க்கரை நோய்க்கு அது ஒரு வழி. இந்தியாவில் அதிகம் காணப்படும் அதன் 3ஆம் வகை, ஈரலில் கொழுப்பையும் சேர்க்கிறது. பி வைரஸோடு சர்க்கரையும் சேர்ந்தால் ஈரல் சுருக்கம், புற்றுநோய் ஆபத்து கூடுகிறது.

ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடக்கும் ஊசி யார் கையில் குத்துது? அது எந்தச் சாதிக் கை என்று நான் சொல்லணுமா? பி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அதைப் போட வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு விதிகள். சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோர் 12 வார மாத்திரையில் குணமாகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம். குணமானபின் பலருக்குச் சர்க்கரையும் கட்டுக்கு வருகிறது.

ஆகவே சங்கக் கூட்டத்தில் கூலியோடு இதையும் கேளுங்க: தடுப்பூசி போட்டாச்சா? ரத்தம் சோதிச்சாச்சா? சர்க்கரைக்குப் போனாலும் ‘ஈரல் வைரஸையும் பாருங்க’ன்னு கேளுங்க. இது சலுகை இல்லை, உரிமை.